தனி ஈசியூ பொருத்தி டியூன் செய்வது எப்படி? வயரிங்கிலிருந்து கடைசி லாக் வரை முழு வழிகாட்டி

தனி ஈசியூ (கம்பெனி பெட்டிக்குப் பதிலாக எஞ்சினை இயக்கும், நாமே எண்களை மாற்றக்கூடிய கணினி) பொருத்திய எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பலரும் முதலில் சந்தேகப்படுவது ஃபியூயல் டேபிளை, அதாவது எந்த வேகத்தில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் அட்டவணையைத்தான். இன்னொருவருடைய டேபிளை வாங்கிப் போட்டுப் பார்ப்பார்கள், எண்களைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், பேட்டரி இறங்கும் வரை செல்ஃப் அடிப்பார்கள். டேபிள் 20 சதவீதம் தப்பாக இருந்தாலும் எஞ்சின் திணறிக்கொண்டாவது ஓடும். டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரம், 40 டிகிரி தப்பாக இருந்தால் ஓடவே ஓடாது.

ஈசியூவுக்கு எஞ்சின் தெரியாது. எஞ்சின் சுழற்சியைப் பார்க்கும் கிராங்க் சென்சாரிலிருந்து வரும் துடிப்புகளும் நாலைந்து வயர்களில் வரும் வோல்டேஜும்தான் அதற்குத் தெரியும். அந்தத் தகவல்கள் உண்மையாக இருக்கும்வரை டேபிளைச் சரிசெய்வது பொறுமையான வேலை, அவ்வளவுதான். அவை பொய்யாக இருந்தால் டேபிளில் எதைத் திருத்தினாலும் ஒரு பொய்க்கு ஏற்ப இன்னொரு பொய்யை எழுதுகிறோம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான்.

உதாரணத்துக்கு டர்போ இல்லாத 1600 சிசி, 4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். ஈசியூ ஸ்பீடுயினோ, மென்பொருள் டியூனர்ஸ்டூடியோ. மெகாஸ்குவர்ட், ரஸ்இஎஃப்ஐ போன்றவற்றுக்கும் இதே டியூனர்ஸ்டூடியோதான். ஹால்டெக், லிங்க், மோடெக் போன்றவற்றுக்குச் சொந்த மென்பொருள் உண்டு. மெனுக்களின் பெயர் மாறும், செய்யும் வரிசை மாறாது. இன்னொன்று: பொதுச் சாலையில் ஓடும் வண்டி என்றால் உங்கள் நாட்டின் புகை விதிகள் இந்த மாற்றத்தை அனுமதிக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பொருட்கள் கைக்கு வந்ததும்

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் இரண்டு பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 முதல் 16 ஓம் வந்தால் பெரும்பாலான ஈசியூக்கள் நேரடியாக இயக்கும். 2, 3 ஓம்தான் வருகிறது என்றால் அது குறைந்த மின்தடை வகை. தொடர் ரெசிஸ்டரோ பீக் அண்ட் ஹோல்டு டிரைவரோ (இன்ஜெக்டர் திறந்தபின் கரன்ட்டைக் குறைக்கும் வகை) இல்லாமல் இணைத்தால் ஈசியூவின் டிரைவர் எரிந்துவிடும்.

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலிலும் இரண்டு வகை. இக்னைட்டர் (காயிலின் கரன்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ளேயே இருக்கும் காயிலுக்கு ஈசியூவிலிருந்து 5 வோல்ட் சிக்னல் போதும். இக்னைட்டர் இல்லாத வெறும் காயிலுக்கு நடுவில் தனி இக்னைட்டர் வேண்டும். ஸ்பீடுயினோவின் வழக்கமான போர்டுகள் தருவது 5 வோல்ட் சிக்னல்தான். வெறும் காயிலை நேராக அதில் மாட்டக் கூடாது.

வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் கன்ட்ரோலரும் கட்டாயம். பழைய நேரோபேண்ட் சென்சார் ரிச்சா (பெட்ரோல் கூடுதலா) லீனா (பெட்ரோல் குறைவா) என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. வைட்பேண்ட் வாங்கக் காசு இல்லை என்றால் ஈசியூவைத் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து. வைட்பேண்ட் சென்சாரைக் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள், தண்ணீர் சென்சாருக்குள் தேங்கக் கூடாது. கரன்ட் கொடுக்காமல் சைலன்சர் குழாயில் சும்மா விட்டு எஞ்சினை ஓட்டினாலும் கரி படிந்து சென்சார் போய்விடும்.

வயரிங்: எர்த்தில் தொடங்குங்கள்

பவர் லைன்களில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து மெயின் ரிலே, அங்கிருந்து ஈசியூ, இன்ஜெக்டர், காயில். இன்ஜெக்டருக்கு 12 வோல்ட் எப்போதும் இருக்கும், ஈசியூ எர்த் பக்கத்தை இணைத்து இணைத்துத் திறக்கும். பெட்ரோல் பம்ப்புக்குத் தனி ரிலே. அதை ஈசியூதான் இயக்க வேண்டும். அப்போதுதான் எஞ்சின் நின்றதும் பம்ப்பும் நிற்கும்.

ஆனால் எர்த் விஷயத்தில் நிதானம் வேண்டும். ஈசியூவின் பவர் எர்த் வயர்களை எஞ்சின் பிளாக்கில் ஒரே இடத்தில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள். திராட்டில், கூலன்ட், காற்று வெப்பநிலை, மேப் (மேனிஃபோல்டு அழுத்தம்) ஆகிய சென்சார்களின் எர்த் வயர்கள் ஈசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கு மட்டுமே திரும்பி வர வேண்டும். கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து அவற்றைப் பாடியிலும் இணைத்துவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கறார்? ஒரு கணக்கைப் பாருங்கள். இன்னோவேட் எல்சி-2 வைட்பேண்ட் கன்ட்ரோலர் 0 வோல்ட்டுக்கு 7.35, 5 வோல்ட்டுக்கு 22.39 என்று ஏஎஃப்ஆரை (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள எடை விகிதத்தை) அனுப்புகிறது. அதாவது ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 3 ஏஎஃப்ஆர். கன்ட்ரோலரின் எர்த்துக்கும் ஈசியூவின் எர்த்துக்கும் இடையே வெறும் 0.1 வோல்ட் வித்தியாசம் இருந்தால் அளவு 0.3 தப்பாகிறது. ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது மட்டும் இந்த வித்தியாசம் வரும், நின்றதும் போய்விடும். நீங்கள் ஃபேன் ஓடும்போது டியூன் செய்துவிட்டு, நின்றபின் ஏன் மாறிவிட்டது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

கிராங்க் சென்சார் வயரை முறுக்கு ஜோடியாக, உறையுடன் எடுத்துச் செல்லுங்கள். உறையை ஈசியூ முனையில் மட்டும் எர்த் செய்தால் போதும். காயில் வயர், ஆல்டர்னேட்டர் வயர் பக்கமே அது போகக் கூடாது.

மென்பொருளை இணைப்பது

ஈசியூவில் ஏற்றிய ஃபர்ம்வேரும் (அதற்குள் ஓடும் நிரல்) டியூனர்ஸ்டூடியோவில் திறக்கும் ஐஎன்ஐ ஃபைலும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஈசியூவின் நினைவகத்தில் எந்த இடத்தில் எந்த எண் இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்வது அந்த ஃபைல்தான். பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் சும்மா ஓகே அழுத்திவிட்டுப் போகாதீர்கள். ஸ்பீடுயினோவுக்கு ஸ்பீடிலோடர் என்ற சிறு மென்பொருள் ஃபர்ம்வேரையும் அதற்குப் பொருத்தமான ஐஎன்ஐயையும் தொடக்க டியூனையும் சேர்த்தே எடுத்துத் தரும்.

இணைப்பே கிடைக்கவில்லை என்றால் முதலில் யூஎஸ்பி டிரைவரைப் பாருங்கள். மலிவான அர்டுயினோ மெகா போர்டுகளில் சிஎச்340 சிப் இருக்கும், அதற்குத் தனி டிரைவர் தேவைப்படலாம். அப்புறம் போர்ட் எண். பாட் ரேட் (இணைப்பின் வேகம்) 115200.

நீங்கள் மாற்றும் எண் உடனே வேலை செய்யத் தொடங்கும், ஆனால் பர்ன் அழுத்தினால்தான் நிரந்தரமாகப் பதியும். சாவியை அணைத்தவுடன் பாதி நாள் வேலை காணாமல் போகாமல் இருக்க இதை ஞாபகத்தில் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது லேப்டாப் சார்ஜரில் இல்லாமல் பேட்டரியில் இருந்தால் நல்லது. சார்ஜர் வழியாக வரும் இரைச்சல் யூஎஸ்பி இணைப்பை அடிக்கடி அறுக்கும்.

சென்சார்கள் உண்மை பேசுகின்றனவா?

சாவியை ஆன் செய்யுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

மேப் சென்சார் இப்போது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல்மட்டத்தில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், 1000 மீட்டர் உயரத்தில் 90 அளவில். 60 அல்லது 130 காட்டினால் சென்சார் மாடலைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஸ்பீடுயினோவில் வழக்கமாக வருவது எம்பிஎக்ஸ்4250, 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும்.

திராட்டிலை மூடி ஒரு அளவு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஒரு அளவு எடுத்து டிபிஎஸ்ஸை (திராட்டில் சென்சாரை) கேலிபரேட் செய்யுங்கள். கையால் பட்டர்ஃபிளையைத் திருப்பி எடுக்காமல் பெடலை மிதித்தே எடுங்கள். கேபிள் முழுதாகத் திறக்கவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கூலன்ட், காற்று வெப்பநிலை சென்சார்களுக்கு மூன்று புள்ளிகள் போதும். ஐஸ் தண்ணீர், அறை வெப்பம், கொதிநீர். ஒவ்வொன்றிலும் ஓம் அளவைக் குறித்துக் கேலிபரேஷன் பக்கத்தில் போட்டுவிடலாம். ஜிஎம் வகை சென்சார் 30 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2240 ஓம், 99 டிகிரியில் 177 ஓம். இதைவிட எளிய சோதனையும் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியைப் போட்டால் இரண்டு சென்சார்களும் ஒரே எண்ணை, அதுவும் வெளி வெப்பநிலையைக் காட்ட வேண்டும்.

வைட்பேண்ட் கன்ட்ரோலரின் டிஸ்பிளேயும் டியூனர்ஸ்டூடியோ காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்பதை எஞ்சின் ஓடத் தொடங்கியபின் இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். ஒரே அளவு விலகல் எல்லா இடத்திலும் இருந்தால் எர்த் கோளாறு. விலகல் மாறிக்கொண்டே போனால் கேலிபரேஷன் கோளாறு.

எஞ்சின் விவரங்களும் டெட் டைமும்

டியூனர்ஸ்டூடியோ கேட்கும் முதல் முக்கியமான எண் ரெக்வயர்டு ஃபியூயல். ஒரு சிலிண்டர் முழுக்கக் காற்று நிரம்பினால் அதற்கு எத்தனை மில்லிசெகண்ட் இன்ஜெக்டர் திறக்க வேண்டும் என்பதே அது. கால்குலேட்டர் உள்ளேயே இருக்கிறது என்றாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது.

நம் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 0.4 லிட்டர். லிட்டருக்கு 1.2 கிராம் காற்று என்றால் 0.48 கிராம். பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான ஏஎஃப்ஆரான 14.7-ஆல் வகுத்தால் 0.0327 கிராம் பெட்ரோல். இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 240 சிசி என்றால் செகண்டுக்கு ஏறத்தாழ 2.96 கிராம் தள்ளும். ஆக, 11 மில்லிசெகண்ட். 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட்தான் நேரம். முழு ஆக்சிலரேட்டரில் கொஞ்சம் ரிச்சாக 12.8 கொடுத்தால் 12.7 மில்லிசெகண்ட் ஆகும். டெட் டைமையும் (அடுத்து வருகிறது) சேர்த்தால் 14-க்குப் பக்கம், அதாவது அந்த 20-இல் 70 சதவீதம். 80, 85-ஐத் தாண்டவில்லை, இந்த இன்ஜெக்டர் போதும்.

இனி டெட் டைம். கரன்ட் கொடுத்ததும் இன்ஜெக்டர் உடனே திறந்துவிடாது. அந்தத் தாமதத்தை ஈசியூ ஒவ்வொரு துடிப்பிலும் கூட்டிக்கொள்ளும். பலரும் இதை 1 மில்லிசெகண்ட் என்று குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஐடிலில் இது என்ன செய்கிறது பாருங்கள். விஇ (சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்ற எண், ஃபியூயல் டேபிளில் இருப்பது இதுதான்) 45, மேப் 35 என்றால் தேவையான பெட்ரோல் நேரம் 11 × 0.45 × 0.35, அதாவது 1.73 மில்லிசெகண்ட். டெட் டைம் 0.3 மில்லிசெகண்ட் தப்பாக இருந்தால் ஐடிலில் 17 சதவீதம் பெட்ரோல் மாறிவிடுகிறது. அதே தப்பு முழு லோடில் 2.5 சதவீதம்கூட இல்லை. பெரிய இன்ஜெக்டர் போட்ட வண்டிகள் மேலே அருமையாக ஓடி, ஐடிலில் மட்டும் படுத்தி எடுப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் டெட் டைம் கூடும். ஹெட்லைட்டும் ஃபேனும் ஒன்றாக ஓடும்போது ஐடில் லீனாகித் தடுமாறினால், விஇ டேபிளில் கை வைக்காமல் வோல்டேஜ் திருத்த வளைகோட்டைப் பாருங்கள். இன்ஜெக்டர் தயாரிப்பாளர் தரும் அட்டவணை கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. அதில் எந்த எரிபொருள் அழுத்தத்துக்கான எண் என்றும் கவனியுங்கள். 3 பாருக்கான எண் 4 பாருக்குப் பொருந்தாது.

கிராங்க் சிக்னல், காயில், டைமிங்

கிராங்க் சென்சார் பார்க்கும் பல் சக்கரம் 36-1 வீல் என்றால் 10 டிகிரிக்கு ஒன்றாக 36 பல் இடங்கள், அதில் ஒன்று இல்லை. 60-2 என்றால் 6 டிகிரிக்கு ஒன்று, இரண்டு இல்லை. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் கிராங்க் எங்கே இருக்கிறது என்று ஈசியூ புரிந்துகொள்கிறது.

ட்ரிகர் ஆங்கிள் கண்டுபிடிக்க, முதல் சிலிண்டரை டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு) கொண்டுவாருங்கள். அங்கிருந்து எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் திருப்பி, இடைவெளிக்கு அடுத்து வரும் முதல் பல் சென்சாருக்கு நேராக வரும்வரை போங்கள். எத்தனை டிகிரி திருப்பினீர்களோ அதுதான் ஸ்பீடுயினோ கேட்கும் எண். 36-1 வீலில் 9 பல் தூரம் என்றால் 90 டிகிரி. மற்ற ஈசியூக்களில் இந்த எண்ணுக்கான விளக்கம் வேறாக இருக்கும், அவற்றின் கையேட்டைப் பாருங்கள்.

சென்சார் ஹாலா (கரன்ட் கொடுத்தால் சதுர சிக்னல் தரும் வகை), விஆரா (தானே அலை மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சுருள் வகை) என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வயர் என்றால் அநேகமாக விஆர், மூன்று வயர் என்றால் அநேகமாக ஹால். உறை வயரையும் சேர்த்து மூன்று வயர் வரும் விஆரும் உண்டு, அதனால் ஓம் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஹால் சென்சாருக்குப் புல்அப் ரெசிஸ்டர் வேண்டும். விஆருக்குச் சிக்னலைச் சதுர அலையாக மாற்றும் கண்டிஷனர் வேண்டும்.

காயிலைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பார்க் அவுட்புட் அமைப்பைப் பாருங்கள். சிக்னல் இறங்கும்போது ஸ்பார்க்கா, ஏறும்போது ஸ்பார்க்கா என்ற கேள்வி. ஸ்பீடுயினோவில் பெரும்பாலான காயில்களுக்கு இறங்கும்போது என்பதே சரி. இதே தேர்வை வேறு ஈசியூக்களில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள், ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் போடாதீர்கள். தலைகீழாக இருந்தால் எஞ்சின் நிற்கும்போதும் காயிலில் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் தொட முடியாத சூடு, அப்புறம் புதுக் காயில். மல்டிமீட்டரில் பாருங்கள்: எஞ்சின் நிற்கும்போது இக்னைட்டருக்குப் போகும் வயரில் 0 வோல்ட்தான் இருக்க வேண்டும். டுவெல் நேரம் (ஸ்பார்க்குக்கு முன் காயிலில் கரன்ட் ஏறும் நேரம்) காயிலைப் பொறுத்தது. விவரம் கிடைக்கவில்லை என்றால் 2.5 மில்லிசெகண்டில் தொடங்கலாம், பல காயில்களுக்கு 3-க்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

சரி, இப்போது இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, காயில்களை மாட்டிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளுடனேயே செல்ஃப் அடியுங்கள். ஆர்பிஎம் 150 முதல் 300-க்குள் ஏதோ ஒரு இடத்தில் நிலையாக இருக்க வேண்டும். 0, 240, 1800, 0 என்று குதித்தால் சிக்னல் சரியில்லை. டியூனர்ஸ்டூடியோவின் டூத் லாகரைத் திறந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் இடைப்பட்ட நேரம் கம்பிகளாகத் தெரியும். 36-1 வீலில் ஒரே உயரத்தில் 34 கம்பிகள், இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று, மறுபடி அதே வரிசை. இப்படித் தெரிந்தால் சிக்னல் சுத்தம். கம்ப்ரஷனில் எஞ்சின் வேகம் குறைந்து கூடுவதால் கம்பிகளின் உச்சி லேசாக அலைபோல ஏறி இறங்கும், அது இயல்பு. நடுவில் திடீரென்று குட்டிக் கம்பி ஒன்று நின்றால் அது இரைச்சல்.

அடுத்து, டைமிங்கை 10 டிகிரியில் ஃபிக்ஸ் செய்யுங்கள். கிராங்கிங் அட்வான்ஸையும் (செல்ஃப் அடிக்கும்போது டிடிசிக்கு எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் என்பதையும்) 10 ஆக்குங்கள். டைமிங் லைட்டை முதல் சிலிண்டரில் மாட்டிச் செல்ஃப் அடித்தபடி புல்லியில் 10 டிகிரி கோடு நேராக வருகிறதா பாருங்கள். 16-இல் வந்தால் ட்ரிகர் ஆங்கிளில் 6 மாற்றிப் பாருங்கள். விலகல் இன்னும் கூடினால் எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். மென்பொருள் என்ன காட்டுகிறது என்பது இங்கே பொருட்டே இல்லை, புல்லியில் என்ன தெரிகிறதோ அதுதான் கணக்கு. வேஸ்டட் ஸ்பார்க் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றிலும் பொறி அடிப்பதால் டயல் வைத்த டிஜிட்டல் டைமிங் லைட்டுகள் டிகிரியை இரட்டிப்பாகக் காட்டுவது உண்டு. டயலைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு புல்லிக் கோட்டை மட்டும் நம்புங்கள்.

எஞ்சின் ஓடத் தொடங்கியபின் இதே சோதனையை 3000 ஆர்பிஎம் வரை ஏற்றி மறுபடி செய்ய வேண்டும். 10 டிகிரி அசையாமல் நிற்க வேண்டும். வேகம் கூடக்கூடக் கோடு நகர்ந்துகொண்டே போனால் விஆர் சென்சாரின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மாற்றி மாட்டியபின் ட்ரிகர் ஆங்கிளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

பம்ப்பை மட்டும் ஓடவிட்டு அழுத்தத்தைப் பாருங்கள், ஒவ்வொரு இணைப்பிலும் விரலால் தடவிப் பெட்ரோல் கசிகிறதா பாருங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

விஇ டேபிளில் ஐடில் பகுதியில் 45, முழு லோடில் நடு வேகத்தில் 85 அளவில் இருக்கும் ஒரு மென்மையான சரிவு போதும். வைட்பேண்ட் திருத்தத்தை முற்றிலும் அணைத்து வையுங்கள். லாகிங்கை (அளவுகளின் பதிவை) ஆன் செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள்.

ஒரு சிலிண்டர்கூடப் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் கூட்டுங்கள், நனைந்திருந்தால் குறையுங்கள். இதைவிடச் சாமர்த்தியமான வழி எதுவும் இல்லை. நனைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடித்தால் ஃப்ளட் கிளியர் பெட்ரோலை நிறுத்திவிடும். ஸ்டார்ட் ஆனதும் முதலில் ஆயில் பிரஷரைப் பாருங்கள். அப்புறம் மேலே சொன்ன 3000 ஆர்பிஎம் டைமிங் சோதனை. அது முடியாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

விஇ டேபிள்

எஞ்சின் முழுச்சூட்டுக்கு வரட்டும். வார்ம்அப் என்ரிச்மென்ட் (எஞ்சின் சூடாகும்வரை தரும் கூடுதல் பெட்ரோல்) 100-இல், அதாவது கூடுதல் இல்லாமல், ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட் (பெடலை மிதிக்கும் கணத்தில் தருவது) ஏறக்குறைய அணைந்த நிலையில் இருக்க வேண்டும். திருத்தும் கணக்கு ஒரே வரி: பழைய விஇ × அளந்த ஏஎஃப்ஆர் ÷ வேண்டிய ஏஎஃப்ஆர். ஒரு கட்டத்தில் 50 இருக்கிறது, 13.8 வேண்டும், 15.5 வருகிறது என்றால் 50 × 15.5 ÷ 13.8, அதாவது 56.

ஐடிலைச் சுற்றியுள்ள கட்டங்களுக்கு ஏறத்தாழ ஒரே எண் இருக்கட்டும். ஆர்பிஎம் லேசாக இறங்கினால் மேப் ஏறும், எஞ்சின் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவும். அங்கே எண் எகிறினால் ஐடில் ஊஞ்சலாடத் தொடங்கிவிடும். அந்தப் பகுதியில் ஸ்பார்க் டேபிளை வைத்து ஒரு வேலை செய்யலாம். ஐடில் வேகத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி அட்வான்ஸ் கூடுதலாகவும், மேலே அதே அளவு குறைவாகவும் வையுங்கள். இறங்கும்போது தானே தூக்கும், ஏறும்போது தானே இழுக்கும்.

வேண்டிய ஏஎஃப்ஆர் என்று தொடக்கத்துக்கு ஐடிலில் 14 அளவில், சீரான ஓட்டத்தில் 14.7, முழு ஆக்சிலரேட்டரில் 12.5 முதல் 13 வரை வைக்கலாம். டர்போ என்றால் பூஸ்டில் 11.5-க்குப் பக்கம்.

ஒரு பொறியில் எல்லோரும் விழுகிறார்கள். எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும்போது வைட்பேண்ட் லீன் என்று காட்டும். எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வருகிறது, சென்சார் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. லீன் என்று நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றினால் மிஸ்ஸிங் கூடும், அளவு இன்னும் லீன் காட்டும். ஐடிலில் 17 காட்டுகிறது, ஆனால் சைலன்சரில் பெட்ரோல் நாற்றம் கண்ணைக் கரிக்கிறது என்றால் எண்ணை விட்டுவிட்டு மூக்கை நம்புங்கள். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் லீக் இருந்தாலும் ஐடிலில் இதே மாதிரிப் பொய் லீன் வரும்.

டியூனர்ஸ்டூடியோவின் பதிவுசெய்த பதிப்பில் விஇ அனலைஸ் லைவ் இருக்கிறது. ஓட்ட ஓட்ட அதுவே கட்டங்களைத் திருத்தும். நல்ல கருவி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விடக் கூடாது. கூலன்ட் 70 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது, திராட்டில் வேகமாக அசையும்போது, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது வரும் அளவுகளை வடிகட்டும்படி அமையுங்கள். ஒரு கியரில் ஒரே வேகத்தில் நீண்ட நேரம், பிறகு கொஞ்சம் கூடுதல் லோடு என்று ஓட்டினால் நல்ல எண்கள் கிடைக்கும். ஒருவர் ஓட்ட, ஒருவர் லேப்டாப் பார்க்க வேண்டும், அதுவும் மூடிய தளத்தில். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். முடிந்ததும் டேபிளை முப்பரிமாணப் படத்தில் திறந்து பாருங்கள். பக்கத்துக் கட்டங்களிலிருந்து ஒரு கட்டம் மட்டும் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் அது எஞ்சினின் குணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஸ்பார்க் டேபிள்

பெட்ரோல் தப்பினால் பெரும்பாலும் திருத்த நேரம் கிடைக்கும். டைமிங் தப்பினால் பிஸ்டன் போய்விடும். அதனால் குறைவிலிருந்து தொடங்குங்கள். நம் எஞ்சின் சிலிண்டருக்கு நான்கு வால்வு வகை என்றால் ஐடிலில் 12, முழு லோடில் 2000 ஆர்பிஎம்முக்கு 16 முதல் 18, 4000-க்கு மேல் 24, லேசான லோடில் ஓடும்போது 32 என்பது அடக்கமான தொடக்கம். சம்பந்தப்பட்ட எஞ்சினின் கம்பெனி அட்வான்ஸ் எண்கள் கிடைத்தால் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டைனோ (எஞ்சினின் டார்க்கை அளக்கும் கருவி) இருந்தால் 2 டிகிரி கூட்டி டார்க்கைப் பாருங்கள். டார்க் ஏறவில்லை என்றால் அந்த 2 டிகிரியைத் திரும்ப எடுத்துவிடுங்கள், நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எழும் தட்டல்) கேட்கவில்லை என்பதற்காக விட்டு வைக்காதீர்கள். டைனோ இல்லை என்றால் முழு லோடு எண்களை மேலே சொன்ன அளவிலேயே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். நாக்கிங் சத்தம் தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போல இருக்கும், அதிக வேகத்தில் காதுக்கு எட்டவே எட்டாது.

குளிர் ஸ்டார்ட், பிக்கப், பாதுகாப்பு

கிராங்கிங், ஆஃப்டர்ஸ்டார்ட், வார்ம்அப் எண்களைத் திருத்த ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது. அவசரப்பட்டுப் பயனில்லை. லாக் எடுத்து, ஒரு வெப்பநிலைப் புள்ளியை மட்டும் மாற்றி, அடுத்த நாள் பாருங்கள்.

சூடான வண்டியை அரை மணி நேரம் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் தடுமாறுகிறதா? லாக்கில் காற்று வெப்பநிலையைப் பாருங்கள். மேனிஃபோல்டு சூட்டில் சென்சார் 70 டிகிரி காட்டும், உள்ளே போகும் காற்று அவ்வளவு சூடாக இருக்காது. 20 டிகிரியோடு ஒப்பிட்டால் 70 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு, ஈசியூவும் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைத்துவிடும். சென்சாரை ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாய்க்கு மாற்றுவதே சரியான தீர்வு. முடியாவிட்டால் 50 டிகிரிக்கு மேல் திருத்த வளைகோட்டைத் தட்டையாக்குங்கள்.

பிக்கப்புக்கான ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட்டைக் கடைசியில் எடுங்கள். விஇ தப்பாக இருக்கும்போது இதைக் கூட்டிச் சமாளிப்பது வழக்கமான குறுக்குவழி, பின்னால் அவிழ்க்க முடியாத முடிச்சாகிவிடும். பெடலை டக்கென்று மிதித்து லாக்கில் பாருங்கள். ஒரு கணம் லீன் முள் எழுந்தால் கொஞ்சம் கூட்டுங்கள், எஞ்சின் மூச்சடைத்தது போல ரிச்சாகி எழுந்தால் குறையுங்கள். ஐடிலில் பெடலைத் தொடாமலேயே டிபிஎஸ் மாற்ற வேகம் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்து, தொடங்கும் வரம்பை அதற்கு மேலே வையுங்கள்.

ரெவ் லிமிட்டை எஞ்சினின் எல்லைக்குச் சில நூறு ஆர்பிஎம் கீழே போடுங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் ஸ்பார்க் கட்டைத் தவிர்த்து ஃபியூயல் கட்டைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரியும். ஆயில் பிரஷர், லீன் பாதுகாப்புகள் உங்கள் ஈசியூவில் இருந்தால் ஆன் செய்யுங்கள். டியூன் ஃபைலைத் தேதி போட்ட பெயரில் லேப்டாப்பிலும் வெளியே இன்னோர் இடத்திலும் சேமியுங்கள். நன்றாக ஓடும் வண்டியில் புது ஃபர்ம்வேர் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

கடைசியாக, நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டி முழு லாக் எடுத்து, சிங்க் லாஸ் (கிராங்க் எங்கே இருக்கிறது என்பதை ஈசியூ தவறவிட்ட தடவைகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். 0 என்றால் ஹார்னஸுக்கு (வயர் கட்டுக்கு) டேப் சுற்றி மூடிவிடலாம். ஒன்றிரண்டு இருந்தால் அவை எந்த ஆர்பிஎம்மில், ஃபேன் ஓடும்போதா ஓடாதபோதா வந்தன என்று பார்த்து, டேப் சுற்றுவதற்கு முன்பே கிராங்க் சென்சார் வயரைத் தேடிப் போங்கள்.